மயிலின் பங்காளிகள்

மயிலைவிட அழகான உயிர் இந்தப் பூமியில் இல்லை. அடித்துச் சொல்வேன். யானை, புலி, மான் என்று அவரவருக்கு ஒரு பிரியம் இருக்கலாம், இருக்கட்டும். வைகாசி மாதத்து விடியலில், விராலிமலை அடிவாரத்துப் பாறையின்மேல் ஓர் ஆண் மயில் தோகையை விரித்துத் திரும்பி நிற்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அன்று முழுக்க வேறு எதைப் பற்றியும் பேசமாட்டார்கள். நான் பேசியதில்லை. வீட்டில் உள்ளவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள், எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

திருச்சியிலிருந்து மதுரை போகும் நெடுஞ்சாலையில், புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது விராலிமலை. குன்றின்மேல் முருகன் கோயில், சுற்றிலும் பாறையும் முள்காடும். அங்கே மயில்கள் கூண்டில் இல்லை, யாரும் வளர்க்கவும் இல்லை. தாமாகவே திரிகின்றன. படிக்கட்டு ஏறும்போது பக்கத்துப் பாறையில் ஒன்று, மண்டபத்துக் கூரையில் ஒன்று, கீழே வேலியோரம் குஞ்சுகளோடு ஒரு பெட்டை. விடியும் முன்பே அகவல் தொடங்கிவிடும். மயிலின் குரல் இனிமையில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒரு குன்றிலிருந்து எழும் அகவலுக்கு எதிர்க்குன்று பதில் சொல்வதை இருட்டில் நின்று கேட்டிருந்தால் அவர்களும் அப்படிச் சொல்லமாட்டார்கள். போவதென்றால் இனப்பெருக்கக் காலத்தில், வெயில் ஏறும் முன் போங்கள். அந்தக் காலம் முடிந்ததும் தோகை முழுவதும் உதிர்ந்துவிடும், அப்புறம் அடுத்த ஆண்டுக்குத்தான் புதிதாக வளரும்.

ஆட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் தோகை என்று கொண்டாடுவது உண்மையில் மயிலின் வால் அன்று. வாலின் மேலே, முதுகின் கடைசியில் முளைக்கும் மூடு இறகுகள் நீண்டு நீண்டு இப்படி ஆகியிருக்கின்றன. எண்ணிக்கையில் 150க்கு மேல். அசல் வால் அதற்கு அடியில் இருக்கிறது, குட்டையான, பழுப்பான, விறைப்பான 20 இறகுகள். தோகை விரியும்போது அந்த எளிய பழுப்பு வால்தான் பின்னால் நிமிர்ந்து நின்று மொத்தப் பாரத்தையும் தாங்குகிறது. ஆடும் மயிலின் பின்புறத்தைப் பார்க்கச் சொல்லி நான் எல்லோரையும் வற்புறுத்துவேன். முன்னால் அரங்கம், பின்னால் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் சாரம். இரண்டையும் பார்த்தால்தான் அந்த வேலையின் நேர்த்தி புரியும்.

மயில் உடனே முகம் காட்டாது. பெட்டை அருகில் வந்ததும் முதலில் முதுகைக் காட்டிக்கொண்டு, சிறகுகளைப் படபடத்தபடி, பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து போகும். பெட்டை எதிர்பார்க்காத நொடியில் சட்டென்று திரும்பும். அந்தத் திருப்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கண்கள் ஒரே சமயத்தில் நம்மைப் பார்க்கும். அப்புறம் ஒரு நடுக்கம், தோகை முழுக்கச் சரசரவென்று அதிரும். இந்த அதிர்வை ஆராய்ந்து 2016இல் ராசலின் டேக்கின் குழுவினர் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. தோகை நொடிக்கு ஏறத்தாழ 25 தடவை அதிர்கிறதாம், ஆனால் கண்கள் மட்டும் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கின்றனவாம். கண்ணைச் சுற்றியுள்ள இழைகள் தளர்ந்து தனித்தனியே ஆடுகின்றன. கண்ணுக்குள் இருக்கும் இழைகளோ நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. அதனால்தான் மினுங்கி நடுங்கும் பொன்பச்சைப் பரப்பின்மேல் அந்த நீலக் கண்கள் மிதப்பதாக நமக்குத் தோன்றுகிறது. நாம் மயங்கிப் பார்த்த காட்சிக்குப் பின்னால் இத்தனை நுணுக்கமான தச்சு வேலை!

இதையும் தாண்டி ஒன்று உண்டு. பெட்டை மயிலின் தலையில் சின்னக் கொண்டை இருக்கிறதே, அந்தக் கொண்டை இறகுகள் இயல்பாக அதிரும் வேகம் ஆண் மயில் தோகையை அதிர்விக்கும் வேகத்துக்கு மிக அருகில் இருக்கிறது என்று 2018இல் கண்டிருக்கிறார்கள். ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பதோடு தலைக்கொண்டையாலும் அவள் உணரக்கூடும். பெட்டையின் பார்வை எங்கே போகிறது என்றுகூடச் சோதித்திருக்கிறார்கள். ஜெசிகா யோர்சின்ஸ்கி குழுவினர் பெட்டை மயில்களின் தலையில் சிறு கேமரா பொருத்திப் பார்த்தபோது, அவை பெரும்பாலும் தோகையின் கீழ்ப்பகுதியையே கவனித்தது தெரிந்தது. மேலே விரிந்த பெரிய வட்டம் தூரத்திலிருந்தே அவளை அழைப்பதற்குப் பயன்படலாம். பக்கத்தில் வந்தபின் அவள் பார்வை வேறு. எவ்வளவு கறாரான ரசிகை! நாம் வாய்பிளந்து நிற்கும் இடத்தில் அவள் அலட்சியமாகத் தானியம் கொத்திக்கொண்டிருப்பாள், ஆனால் எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்த்துவிடுவாள்.

நிறத்தைச் சொல்லாமல் மயிலைச் சொல்ல முடியுமா? உதிர்ந்த பீலி ஒன்று கிடைத்தால் அதை ஒளிக்கு எதிரே பிடித்து, ஒளி ஊடுருவி வரும்படி பாருங்கள். நீலமும் பச்சையும் மறைந்து வெறும் பழுப்புதான் தெரியும். அந்த இறகில் நீலச் சாயம் ஒரு துளியும் இல்லை. 1665இல் ராபர்ட் ஹூக் தன் நுண்ணோக்கியின் கீழ் மயிலிறகை வைத்துப் பார்த்தார். நீர் பட்டால் அந்த நிறங்கள் மறைவதைக் கண்டு, இது சாயத்தின் வேலை அன்று, மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டு மீள்வதன் வேலை என்று அன்றைக்கே ஊகித்தார். முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு, 2003இல், ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகத்தினர் முழு விளக்கத்தைக் கொடுத்தார்கள். இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் குச்சிகள் பாத்தி கட்டி நட்டதைப்போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. குச்சிக்கும் குச்சிக்கும் இடைவெளி ஏறத்தாழ 140 நானோமீட்டர் என்றால் நீலம். 150 என்றால் பச்சை. 165 என்றால் மஞ்சள். இவ்வளவுதான் வித்தியாசம்! ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டதில் ஒரு கூறு. அப்படிப்பட்ட பத்துப் பதினைந்து கூறுகள் தள்ளி நட்டால் நீலம் பச்சையாகவும் பச்சை மஞ்சளாகவும் ஆகிவிடுகிறது. இதை ஓர் இறகுக்குள், ஒரே கண்ணுக்குள், வட்டம் வட்டமாகப் பிசகாமல் செய்து முடிக்கிறது மயிலின் உடம்பு. அதுவும் ஆண்டுதோறும், எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு முதலிலிருந்து.

சார்லஸ் டார்வினை இந்த இறகு படாதபாடு படுத்தியது. 1860இல் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், மயிலிறகைப் பார்க்கும்போதெல்லாம் தனக்குக் குமட்டுகிறது என்று எழுதினார். பிழைப்பதற்கு உதவாத இத்தனை பெரிய பாரம் எப்படி வளர்ந்திருக்க முடியும் என்பது அவருடைய தவிப்பு. பெட்டைகளின் தேர்வே இந்த அழகை வளர்த்தது என்ற விடையை 1871இல் அவர் நூலாகவே எழுதினார். அதாவது, தலைமுறை தலைமுறையாகப் பெட்டைகளின் ரசனை செதுக்கிய சிற்பம்தான் தோகை. எனக்கு இது உலகத்தின் ஆகச் சிறந்த செய்திகளில் ஒன்றாகப் படுகிறது.

நம்முடைய பேகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழனிமலைப் பக்கம் ஆண்ட அந்த வள்ளல், மயிலுக்குக் குளிருமே என்று தன் போர்வையைப் போர்த்தியதைப் புறநானூறு போற்றுகிறது. மயிலுக்குப் போர்வை எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் கேட்ட பையன்கள் உண்டு. மயிலை நேரில் நின்று பார்த்தவருக்கு அந்தக் கேள்வி வராது. கையில் இருப்பதில் சிறந்ததைக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் தோன்றும்.

ஆனால் கொங்கு நாட்டிலும் எங்கள் பக்கத்திலும் மயிலோடு மல்லுக்கட்டும் உழவர்களின் வேதனை உண்மையானது. விதைத்த நிலக்கடலையைக் கிளறித் தின்கிறது, சோளக் கதிரை உதிர்க்கிறது, தக்காளியைக் கொத்துகிறது. 1963இல் தேசியப் பறவையாகி, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தில் உச்சக் காப்பும் பெற்ற பறவை இது. 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாட்டில் மயில்கள் வேகமாகப் பெருகிவருவதைக் காட்டியது. நஷ்டப்படுகிறவருக்கு முறையான, தாமதமில்லாத இழப்பீடு கிடைக்க வேண்டும். மயிலை நேசிக்கிறவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. விஷம் வைத்துக் கொன்ற மயில்களின் படத்தைச் செய்தித்தாளில் பார்க்கும் நாள் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இனி பங்காளிகளுக்கு வருகிறேன். மயிலின் பெயரைத் தாங்கிய உயிர்கள் உலகெங்கும் இருக்கின்றன. கடலில், வயலில், காட்டில், மரப்பொந்தில். பெயர் சும்மா வைத்ததன்று. ஒவ்வொன்றிடமும் மயிலின் சொத்தில் ஒரு பங்கு நிஜமாகவே இருக்கிறது. ஒன்றுக்குத் தோகை, ஒன்றுக்குக் கண், ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்கு ஆட்டம். மயிலைப் பார்த்துப் பார்த்துப் பித்தானபின், இந்தப் பங்காளிகளைத் தேடிப் போவதே என் வேலையாகிவிட்டது.

முதலாவது நம் கடலிலேயே இருக்கிறது. பாம்பனில் ஒரு காலை, விசைப்படகுகள் கரை சேர்ந்த நேரம். நெத்திலிக் கூடைகளும் சூடையும் காரலும் குவிந்து கிடந்த இடத்தில், ஆள் நீளத்தையும் மிஞ்சிய மீன் ஒன்றை நாலு பேர் தூக்கி வந்து போட்டார்கள். ஈட்டி மூக்கு. கருநீல முதுகு. முதுகின்மேல் ஒரு பள்ளம், அதற்குள் ஏதோ மடித்துச் செருகியிருந்தது. நான் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கண்ட பெரியவர் ஒருவர், "தம்பி, தள்ளி நில்லுங்க, விரிச்சுக் காட்டுறேன்" என்று சொல்லி முன்னங்கம்பைப் பிடித்து இழுத்தார். விரிந்தது! மீனின் உடம்பைவிட உயரமாக, முதுகு நெடுக, கருநீலத்தில் புள்ளிகள் தெளித்த ஒரு பாய். "மயில் மீன்" என்றார். அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அந்த முதுகுத் துடுப்பை 40க்கும் மேற்பட்ட முட்கள் தாங்குகின்றன. வேகமாக நீந்தும்போது அது பள்ளத்துக்குள் மடங்கிக்கொள்ளும், தேவைப்படும்போது எழும். மயில் பெட்டைக்காக விரிக்கிறது, மயில் மீன் வேட்டைக்காக விரிக்கிறது. சாளைக் கூட்டத்தைப் பல மயில் மீன்கள் சேர்ந்து சுற்றி வளைத்து, பாயை உயர்த்தி, கூட்டம் சிதறாமல் ஒதுக்கும். அப்புறம் ஒவ்வொன்றாக முறை வைத்து உள்ளே நுழைந்து, ஈட்டி மூக்கை மெல்லச் செருகி, ஒரே வீச்சில் பக்கவாட்டில் அடிக்கும். தாக்கும் தருணத்தில் அதன் உடம்பில் நீலக் கோடுகள் பளிச்சென்று எரிந்து மறையும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். அண்மைக்கால அளவீடுகளின்படி அத்தனை வேகம் இல்லை, நொடிக்குப் பத்து மீட்டரைத் தாண்டுவதே அரிது. குறைந்துவிட்டதே என்று எனக்கு வருத்தமில்லை. வேகத்தால் முடியாததை அது கூட்டு வேட்டையாலும் நிற விளையாட்டாலும் சாதிக்கிறது, அது இன்னும் பெரிய சங்கதி. பாம்பன் சந்தையில் எடைக்குப் போகும் மீன்தான் அது. எடைபோடும் முன் ஒரு தடவை விரிக்கச் சொல்லிப் பாருங்கள். கரையில் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள், அவர்களுக்கும் அதில் ஒரு பெருமை இருக்கிறது.

கண்ணைப் பங்கு வாங்கியது ஒரு பட்டாம்பூச்சி. தமிழில் இதை மயில் வசீகரன் என்கிறார்கள், எவ்வளவு பொருத்தம்! வயல் வரப்பில், குளத்தங்கரையில், ஈரம் உள்ள இடமெல்லாம் பறக்கும். ஆரஞ்சு நிறச் சிறகுகள், பின்சிறகில் பெரிய கண் ஒன்று, கருவிழியும் வெள்ளை மினுக்கமுமாக. தரையோடு ஒட்டிச் சிறகை விரித்து வெயில் காயும்போது அந்தக் கண்கள் நம்மையே முறைக்கும். நீர்முள்ளியிலும் பொடுதலையிலும் முட்டையிட்டுப் புழு வளரும். வரப்பில் நாம் களை என்று பிடுங்கி எறிகிறோமே, அவைதான் இதற்குத் தொட்டில். மழைக்காலத்தில் பிறக்கும் பூச்சிக்குச் சிறகின் அடிப்பக்கத்திலும் கண்கள் இருக்கும். கோடையில் பிறப்பதற்கோ அடிப்பக்கம் காய்ந்த சருகின் நிறமாகவும் வடிவமாகவும் மாறிவிடும், காம்புகூடத் தெரியும். ஒரே இனம், பருவத்துக்கு ஒரு வேடம். தை மாதத்து வரப்பில் சருகு ஒன்று என் காலடியில் எழுந்து ஆரஞ்சாகப் பறந்தபோது நான் சத்தம் போட்டுக் கத்திவிட்டேன்.

இந்தக் கண்கள் வெறும் அலங்காரமா? ஐரோப்பாவில் மயில் பட்டாம்பூச்சி என்றே ஒன்று உண்டு. பறவை நெருங்கினால் அது சிறகைப் பட்டென்று திறந்து நான்கு கண்களைக் காட்டும், சிறகுகளை உரசிச் சீறவும் செய்யும். சுவீடனில் ஒரு சோதனை நடத்தினார்கள். கண்கள் அப்படியே இருந்த 34 பூச்சிகளைச் சிட்டுக்களோடு விட்டபோது ஒன்றே ஒன்றுதான் இரையானது. கண்களை மை பூசி மறைத்த 20 பூச்சிகளில் 13 செத்துப்போயின. மயிலுக்குத் துணை தேடிக் கொடுக்கும் கண், பூச்சிக்கு உயிர் காக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் புத்தமயூரி என்ற பட்டாம்பூச்சியும் இந்தக் குடும்பக் கணக்கில் வரும். கரும்பச்சைச் சிறகில் நீலப்பச்சைப் பட்டை எரியும் அதைக் கேரளம் 2018இல் தன் மாநிலப் பட்டாம்பூச்சியாக்கிக்கொண்டது. சரியான தேர்வு.

மயிலுக்குச் சொந்த அண்ணன் தம்பிகளும் உண்டு. ஜாவாவிலும் இந்தோசீனத்திலும் பச்சை மயில் வாழ்கிறது. ஆப்பிரிக்காவின் காங்கோ மயில் கண்டுபிடிக்கப்பட்ட கதை ஒரு துப்பறியும் கதைக்குச் சமம். ஜேம்ஸ் சாப்பின் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் 1913இல் காங்கோ மக்களின் தலையணி ஒன்றில் இருந்த ஓர் இறகை எடுத்துவைத்தார். எந்தப் பறவையுடையது என்று தெரியவில்லை. 1936இல் பெல்ஜியத்தின் டெர்வூரென் அருங்காட்சியகத்தில், இந்திய மயிலின் இளம் பறவைகள் என்று சீட்டு ஒட்டி ஒதுக்கியிருந்த இரண்டு பாடம் செய்த பறவைகளைப் பார்த்தார். அதே இறகு! மறு ஆண்டே காங்கோவுக்குப் போய் அசல் பறவையையும் கண்டார். ஓர் இறகை இருபத்துச் சொச்சம் ஆண்டு மறக்காமல் வைத்திருந்த அந்த மனிதருக்கு நான் தலைவணங்குகிறேன்.

இனி, என் நெஞ்சில் மயிலுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உயிர். மயில் சிலந்தி. ஆஸ்திரேலியாவில் மட்டுமே உண்டு, இதுவரை 100க்கு மேற்பட்ட இனங்கள் தெரிந்திருக்கின்றன. உடம்பு 4, 5 மில்லிமீட்டர். சிட்னியில் இருக்கும் என் தம்பி மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே வசந்தகாலம். நகரத்துக்கு வடக்கே குரிங்காய் சேஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. யூர்கன் ஓட்டோ என்ற சிட்னி ஆய்வாளர் முதன்முதலில் இந்தச் சிலந்தியைக் கண்டு மயங்கிய காடு அதுதான். அவர் எடுத்த படக்காட்சிகள்தான் இதை உலகப் புகழாக்கின. நாங்கள் புதர்ச் செடிகளின் அடியில் கிடந்த சருகுகளைக் குனிந்து தேடினோம். இடுப்பு வலித்தது, கொசு கடித்தது, ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று அவள், "பெரியப்பா, அசையாதீங்க. உங்க ஷூ பக்கத்துல அந்தக் குச்சி மேல பாருங்க" என்று கிசுகிசுத்தாள்.

குச்சியின்மேல் ஒரு பழுப்புப் பெண் சிலந்தி. அதற்கு எதிரே ஒரு துளி வண்ணம். கையில் இருந்த பூதக்கண்ணாடியை மெதுவாக இறக்கினேன். அந்தத் துளி தன் வயிற்றை நிமிர்த்தியது. இரு பக்கமும் மடித்து வைத்திருந்த மடல்கள் விசிறியாக விரிந்தன. நீலம், சிவப்பு, பச்சை! மூன்றாம் சோடிக் கால்களை இரு கைகளாக உயர்த்தி, நுனியில் வெள்ளைத் தூரிகையோடு, வலம் போனது, இடம் போனது, விசிறியைச் சாய்த்தது, நடுங்கியது. முருகா! ஐந்து மில்லிமீட்டருக்குள் விராலிமலைப் பாறையின் முழு ஆட்டமும் இருந்தது. நடுக்கம்கூட அப்படியே இருந்தது. அந்த அதிர்வு குச்சியின் வழியாகப் பெண் சிலந்தியின் கால்களுக்குப் போய்ச் சேருகிறது, அவள் கண்ணாலும் காலாலும் ஆட்டத்தை எடைபோடுகிறாள். பிடிக்காவிட்டால் சில சமயம் ஆடுகிறவனையே பிடித்துத் தின்றுவிடுவாள். உயிரைப் பணயம் வைத்து ஆடும் ஆட்டம் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

1874இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இந்த இனம், அந்த மடல்களை விரித்துக் காற்றில் மிதந்து தாவும் என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். அவை பறப்பதற்கல்ல, ஆடுவதற்கே என்று ஓட்டோவின் படங்கள் காட்டின. இதன் நீலமும் சாயமன்று, உடம்பை மூடிய நுண்செதில்களின் அமைப்பில் பிறக்கும் நிறம்தான். வண்ணங்களுக்கு நடுவே உள்ள கருப்பையும் சொல்ல வேண்டும். சில இனங்களின் கருப்புத் திட்டுகள் பட்ட ஒளியில் அரை விழுக்காட்டைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை என்று 2019இல் அளந்திருக்கிறார்கள். அத்தனை ஆழமான இருட்டு பக்கத்தில் இருப்பதால்தான் நீலமும் சிவப்பும் அப்படிக் கொதிக்கின்றன.

வெப்பக் கடல்களின் பவளப்பாறைகளில் மயிலின் பெயர் கொண்ட, இறால் போன்ற உயிர் ஒன்றும் உண்டு, கும்பிடுபூச்சியின் கைகளோடு. நம் கண்ணில் நிறம் உணரும் செல் வகைகள் மூன்று, அதற்குப் பன்னிரண்டு. நத்தை ஓட்டை உடைக்க அது குத்தும் குத்தின் வேகம் நொடிக்கு 23 மீட்டர் வரை போகும் என்று 2004இல் ஷீலா படேக் அளந்தார். அந்த வேகத்தில் தண்ணீரே கொதித்துக் குமிழாகி வெடிக்கும். அதை உயிரோடு காணும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

காணாமலே நான் கவலைப்படும் பங்காளி ஒன்று ஆந்திரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில் குத்தி நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் நான் ஜன்னலோரம் வந்துவிடுவேன். அங்கே ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரு பெரிய சிலந்தியைத்தான் ரெஜினால்டு போக்காக் 1899இல் விவரித்தார். உடம்பெல்லாம் மின்னும் நீலம். மயில் சிலந்தி என்று இதையும் சொல்வார்கள். அதன் உண்மையான வீடு குத்தி அல்ல, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையிலான கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடு. மரங்களோடு சேர்ந்து அது ரயிலில் குத்திக்கு வந்திருக்க வேண்டும். உலகத்திலேயே அந்த ஒரு சிறு காட்டுத் துண்டில்தான் அது இருக்கிறது. மரப்பொந்துகளில் வாழ்வதால் முதிர்ந்த மரம் விழுந்தால் அதன் வீடும் விழுந்தது. மிக ஆபத்தான நிலையில் உள்ள உயிர்களின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ப்பதற்காக உலகெங்கும் இதை விற்கிறார்கள். 2019இல் இதன் பேரினம் முழுவதையும், அரிய உயிர்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது நல்ல காரியம்.

இவ்வளவையும் படித்துவிட்டு உங்களுக்கும் ஆசை வந்திருந்தால் சிட்னிக்கோ பாம்பனுக்கோ முதலில் கிளம்ப வேண்டாம், செய்ய வேண்டியது உள்ளூரிலேயே இருக்கிறது. சந்தையிலும் திருவிழாவிலும் கட்டுக் கட்டாக விற்கும் மயிலிறகை வாங்காதீர்கள். தானாக உதிர்ந்தது எது, பிடுங்கியது எது என்று நமக்குச் சட்டென்று தெரியாது. கோயிலுக்குப் போகும் இடத்தில் மயிலுக்குப் பிஸ்கட்டும் பொரியும் போடாதீர்கள். அரிய சிலந்தி வளர்ப்புக்குக் கிடைக்கும் என்று யாராவது விளம்பரம் செய்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் ஊர் வரப்பில் நீர்முள்ளி முளைத்திருந்தால் ஒரு பகுதியையாவது பிடுங்காமல் விட்டுவையுங்கள். மயில் வசீகரன் முட்டையிட அது வேண்டும்.